முதல் பேருக்கு முன்னால

அண்ணாச்சி, அந்தப் போன் திரைய மேல தள்ளாதிய. அப்படியே ஒரு நிமிசம் நிக்கட்டும். எட்டிப் பாக்கான்னு நினைச்சிராதிய, நீங்க என்ன படிக்கியன்னு எனக்குத் தேவையில்ல. சர்க்கரைக்காரன் என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கான், அவ்வளவுதான. நான் பாக்கது அத இல்ல. ஒவ்வொரு வரிக்கும் முன்னால கறுப்பா, குட்டியா ஒண்ணு நிக்கு பாத்தியளா. அந்தப் புள்ளி. அதத்தான் பாக்கேன்.

இங்க பாருங்க. பாவக்காய் வரி நீளமா இருக்குன்னு மடங்கி ரெண்டாவது வரியாயிருக்கு. மடங்கின வரி எங்க விழணும்? எழுத்துக்கு நேரா விழணும். இது புள்ளிக்கு அடியில போய் விழுந்து கெடக்கு. செஞ்சவன் சோம்பேறி. ஒரே ஒரு வரி எழுதினா சரியாப் போயிரும், அத எழுத அவனுக்கு நோவுது. பேர மட்டும் கீழ பெருசாப் போட்டிருப்பான், வடிவமைப்பு இன்னாருன்னு.

எனக்கு இதுதான் சோலி. தூத்துக்குடியில ஒரு ரூம் எடுத்து இருவது வருசமா வெப்சைட் செய்யுதேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், உப்புக் கம்பெனி, எல்லாம் செஞ்சாச்சு. ஒருத்தன் நல்லாருக்குன்னு சொன்னதில்ல. நல்லாருந்தா கண்ணுக்கே தெரியாது, கெட்டுப் போனா மட்டும் போன் வரும். அப்படி ஒரு தொழிலு.

எங்க போறேன்னா கேக்கிய? கிருபாபுரம் விலக்கு, ஊருக்கு ரோடு பிரியுத எடம். இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். எங்கண்ணன் பேரப்பிள்ளைக்கு இன்னைக்கு ஞானஸ்நானம். கார்டு பையில இருக்கு, பொறவு காட்டுதேன். இப்பக் காட்டினா உங்களுக்கு விளங்காது. எல்லாத்தையும் கேட்டுட்டு அந்தக் கார்டப் பாத்து நீங்கதான் சொல்லணும், நான் அந்த வீட்டுக்குப் போகலாமா, கூடாதான்னு. பஸ்ஸுல ஏறிட்டேன், டிக்கெட்டும் எடுத்துட்டேன். ஆனாலும் விலக்குல எறங்காம இப்படியே திருச்செந்தூருக்குப் போயி கடலப் பாத்துட்டுத் திரும்பவும் முடியும் பாருங்க.

எங்கண்ணன் பேரு ஞானசிகாமணி. சா. ஞானசிகாமணி. ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன், சபைக்குச் செயலாளர். என்னவிட ஒம்பது வயசு மூப்பு. அவன், இவன்னு பேசுதேன்னு பாக்கிய. முன்னால நின்னா 'அண்ணே, நீங்க'ன்னுதான் வாய்ல வரும். அது வாய்க்குப் பழக்கம். மனசுக்குள்ள அவன்தான்.

அவன் பேரு எதுலயும் முதல்ல வரணும். என் கல்யாணக் கார்ட நீங்க பாத்திருக்கணும். மாப்பிள்ளை நான். என் பேரத் தேடணும். அவன் பேரு மேல தேங்காத் தண்டிக்கு நிக்கு, 'இங்ஙனம்'னு. அதாவது போகட்டும். எங்கம்மா கல்லறையில கல்லு வச்சான். வச்சவுக யாருன்னு பொறிச்சிருக்கான் பாருங்க, 'மகன் ஞானசிகாமணி மற்றும் குடும்பத்தார்'. நான் மற்றும். அம்மா கடைசியா கஞ்சி குடிச்சது என் கையால. கல்லுல நான் மற்றும். வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்குப் பூ கொண்டு போயி அந்த மற்றும் மேல வச்சுட்டு வாரேன்.

போன வருசம் சபைக்கு நூத்தம்பது வருசம் நெறஞ்சுது. விழாக் கமிட்டி போட்டாவ, ஒம்பது பேரு. வெப்சைட் ஒண்ணு வேணும்னு பாஸ்டர் சொன்னாரு, நம்ம ரூபன் இருக்கான்லான்னு யாரோ சொல்லிட்டாவ. அண்ணனுக்கு இஷ்டமில்ல. ஆனா பாஸ்டர் முன்னால தம்பிய வேண்டாம்னு சொல்ல முடியுமா. அதனால என்னையும் கமிட்டியில சேத்தான். ஒம்பதாவது. சா. ரூபன் ஜெபசிங், இணையதளம். போதும், எனக்கு அது போதும்னுதான் இருந்தேன்.

உங்களுக்கு இந்த வேலை எப்படின்னு ஒரு வார்த்த சொல்லிருதேன், இல்லன்னா நான் பொய் சொல்லுதேன்னு நினைப்பிய. வெப்சைட்டுல எழுத்த ஒரு எடத்துல எழுதுவோம். அந்த எழுத்துக்கு உடுப்ப வேற எடத்துல எழுதுவோம். உடுப்பு எழுதுத பாஷைக்கு சி.எஸ்.எஸ்.னு பேரு. ஒரு பட்டியல் இருக்குன்னா, பேருக்கு முன்னால புள்ளி வேணுமா, வட்டம் வேணுமா, சதுரமா, நம்பரா, இல்ல ஒண்ணுமே வேண்டாமா, எல்லாத்தையும் அந்த உடுப்புலதான் சொல்லணும். புள்ளியோட நெறம், எழுத்துல இருந்து எத்தன தூரம் தள்ளி நிக்கணும், அதுவும் சொல்லணும். சொல்லாம விட்டா, அது பாட்டுக்கு ஒரு கறுப்புப் புள்ளிய மாட்டி விட்டுரும். உங்க பாவக்காய்க்கு மாட்டி விட்டிருக்கு பாத்தியளா, அப்படி.

நான் கமிட்டிப் பட்டியலுக்குப் புள்ளி போட்டேன். அழகான புள்ளி, கோயில் சன்னல் கண்ணாடி நெறத்துல, நீலம். ஒம்பது பேருக்கும் ஒரே புள்ளி. அண்ணன் வீட்டுக்கு லேப்டாப்பக் கொண்டு போயிக் காட்டுனேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு பரிச்சப் பேப்பர் திருத்துத மாதிரி பாத்தான். பாத்துட்டு ஒரே கேள்வி.

"புள்ளி வச்சா யாரு பெரியவன்னு எப்படில தெரியும்?"

தெரியக் கூடாதுன்னுதாண்ணே புள்ளின்னு சொன்னேன். மதினி காப்பி கொண்டு வந்தவ அப்படியே உள்ள திரும்பிப் போயிட்டா. மதினின்னா எங்கண்ணன் வீட்டுக்காரி, ஹெப்சி. நல்ல மனுசி. அவ திரும்பிப் போனதுலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

நம்பர் போடுன்னான். சாதா நம்பர் கூட இல்ல, நூத்தம்பதாவது வருசம், தமிழ் எண்ணுல போடுன்னான். போடலாம், ஒரு வார்த்த எழுதினா அதுவே போட்டுக்கிடும். போட்டேன். தமிழ்ல ஒண்ணுக்கு எழுத்து எப்படி இருக்கும்னு தெரியும்லா? 'க' மாதிரி இருக்கும். பொடி எழுத்துல பாத்தா 'க'வேதான். சா. ஞானசிகாமணிக்கு முன்னால போயி க நிக்கு. க. சா. ஞானசிகாமணி. அடுத்த கமிட்டிக் கூட்டத்துல டீக்கடை பொன்னுதுரை அண்ணாச்சி வெள்ளந்தியாக் கேட்டாரு, இது யாரு புதுசா ரெண்டு இனிஷியல்ல ஒருத்தருன்னு. எல்லாரும் சிரிச்சாவ. எங்கப்பா பேரு சாலமோன், க எங்கிருந்து வந்துச்சு, அப்பன் பேரையே மாத்திட்டியான்னு அண்ணன் என்னப் பாத்துக் கத்துதான். நம்பர் கேட்டது அவன். சிரிப்பு வாங்கினதுக்கு நான்.

கடைசியில புள்ளியே இருக்கட்டும்னு எறங்கி வந்தான். ஆனா முதல் பேரு அவன் பேருதான் இருக்கணும்னான். அகர வரிசையில போட்டா அவன் மூணாவது வாரான், அதனால அகர வரிசை வேண்டாமாம். முப்பது வருசம் பிள்ளையளுக்கு அகர வரிசை சொல்லிக் குடுத்தவன். சரின்னு விட்டேன். முதல் பேரு அவன். கடைசிப் பேரு நான்.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன், கொட்டாவி விடாதிய. கோபுரம் கட்டினவங்கன்னு இன்னொரு பக்கம் இருந்துச்சு. எட்டுப் பேரு. அதுல முதல் ஆளு மாசிலாமணித் தாத்தா மட்டும் இப்ப உயிரோட இல்ல, மத்த ஏழு பேரும் இருக்காவ. எங்க ஊர்ப் பக்கத்துக் கார்டுல பாத்திருப்பிய, பேருக்கு முன்னால ஒரு சின்னச் சிலுவை போட்டிருந்தா அந்த ஆளு போயிட்டாருன்னு அர்த்தம். காலஞ்சென்றன்னு எழுத மாட்டாவ, சிலுவை போதும். பச்சப்பிள்ளைக்குக் கூடத் தெரியும். அதனால தாத்தா பேருக்கு முன்னால புள்ளிய எடுத்துட்டுச் சிலுவை வைக்கணும். முறைப்படி பாத்தா, தாத்தா பேருக்குன்னு தனியா ஒரு அடையாளம் குடுத்து, இந்த அடையாளம் உள்ள ஆளுக்குச் சிலுவைன்னு எழுதணும். நான் சுருக்கா முடிச்சிட்டேன். தாத்தா பட்டியல்ல முதல்லதான இருக்காரு, அதனால பட்டியல்ல முதல் ஆளுக்குச் சிலுவைன்னு எழுதிட்டேன். எந்தப் பட்டியல்னு எழுத விட்டுப் போச்சு.

விட்டுப் போனா என்ன ஆகும்? எல்லாப் பட்டியலுக்கும் போகும். ஆராதனை நேரம்னு ஒரு பட்டியல், அதுல காலை ஆறரை மணி ஆராதனைக்குச் சிலுவை. ஓய்வுநாள் பள்ளியில முதல் வகுப்புக்குச் சிலுவை. கோயிலுக்கு வார வழிப் பட்டியல்ல தூத்துக்குடி பஸ்ஸுக்குச் சிலுவை. நாம ஏறியிருக்கோமே, இந்த பஸ்ஸுக்குத்தான். விழாக் கமிட்டியில முதல் பேருக்குச் சிலுவை.

ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. இந்த சி.எஸ்.எஸ். பாஷையில முதல் ஆளுக்கு என்ன பேரு தெரியுமா? ஃபர்ஸ்ட் சைல்டு. மூத்த பிள்ளை. கடைசி ஆளுக்கு லாஸ்ட் சைல்டு. கடைக்குட்டி. நான் வச்ச பேரில்ல, எந்த வெள்ளக்காரன் வச்சானோ. மூத்த பிள்ளைக்குச் சிலுவைன்னு என் கையால அடிச்சேன், ஆனா அது எங்கண்ணன நினைச்சு அடிச்சதில்ல. தாத்தாவ நினைச்சு அடிச்சது. அவன் போயி முதல்ல நின்னா நான் என்ன செய்ய? அகர வரிசையில மூணாவதா நின்னிருந்தா சிலுவை கமிட்டியில முதல் பேரா வார எபனேசருக்குப் போயிருக்கும். எபனேசர் சிரிச்சிட்டுப் போயிருப்பான்.

கமிட்டிப் பக்கத்த நான் திரும்பப் பாக்கவே இல்ல, சத்தியமா. வேலை அப்படி. ஆனா வேலையில குறை வைக்க மாட்டேன், அத என் எதிரி கூடச் சொல்லுவான். அந்தச் சிலுவையையே எடுத்துக்கிடுங்க. முதல்ல வச்சப்ப சிலுவைக்கும் 'சா'வுக்கும் நடுவுல இடமே இல்ல, இடிச்சிக்கிட்டு நின்னுச்சு. பாக்க அசிங்கமா இருந்துச்சு. நாலு பிக்சல் தள்ளி வச்சேன், நெறத்தையும் கறுப்புல இருந்து கொஞ்சம் சாம்பலா மாத்தினேன். அதுக்கப்புறம் சிலுவையும் பேரும் அவ்வளவு பாந்தமா இருந்துச்சு. எத்தன பேரு இப்படிப் பாத்துச் செய்யுதாவ.

என்ன, அப்படிப் பாக்கிய? மாசிலாமணித் தாத்தாவுக்கு இனிஷியல் என்னன்னா?

'ம'. ம. மாசிலாமணி.

சரி. பாத்தேன். ஒரு தடவ பாத்தேன், சனிக்கிழம மத்தியானம். பாத்ததுக்கும் வச்சதுக்கும் வித்தியாசம் இருக்குல்லா? வச்சது தவறுதலா. பாத்தது பொறவு. திங்கக்கிழம மாத்திக்கிடலாம்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டர் பெரிய திரையில வெப்சைட்டத் திறந்து வச்சாரு. சபையே பாத்துச்சு. எல்லாரும் போட்டோவப் பாத்தாவ. அண்ணன் கமிட்டிப் பக்கத்தப் பாத்தான். அவன் பேரு முதல்ல இருக்கான்னு பாத்தான். இருந்துச்சு. தலைய ஆட்டிக்கிட்டான். பேரத்தான் பாத்தான், பேருக்கு முன்னால என்ன இருக்குன்னு பாக்கல. அவன் கண்ணுக்கு எப்பவும் பேருதான் தெரியும்.

அவனுக்கு ஒரே மக, பெனிலா. மஸ்கட்ல நர்ஸு. கூட வேல பாத்த கரூர்ப் பையன அவளாப் பாத்துக் கட்டிக்கிட்டா. என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலன்னு அண்ணன் ஆறு வருசமா மகளோட பேசல. பேசலன்னா, மதினி போன்ல கூட அவ நம்பரத் தடுத்து வச்சிருந்தான். சொந்தக்காரங்க ஒருத்தரும் பேசக் கூடாதுன்னு கட்டள. எல்லாரும் கேட்டாவ, ஹெட்மாஸ்டர்லா. நான் மட்டும் கேக்கல. நான் தூக்கி வளத்த பிள்ள அண்ணாச்சி, சித்தப்பா சித்தப்பான்னு என் சைக்கிள் கம்பியில உக்காந்து பள்ளிக்கூடம் போனவ. காலையில வசனம் அனுப்புவேன், அவ ஒரு கும்பிடு அனுப்புவா. வெப்சைட் வாரதுக்கு ஆறு மாசம் முன்னாலதான் பிள்ள பெத்தா, போட்டோ எனக்குத்தான் வந்துச்சு. மதினிக்குத் திருட்டுத்தனமாக் காட்டினேன். இந்த ஊர்ல பெனிலாவுக்கு இருந்த ஒரே நம்பரு என் நம்பரு.

அவ அங்க உக்காந்து சபை வெப்சைட்டத் திறந்திருக்கா. அப்பன் பேரு இருக்கும்னு தெரியும், அதப் பாக்கத்தான். சிலுவை. பக்கத்துல 'சா'. அதுக்கு அடுத்து ஞானசிகாமணி.

எனக்கு மெசேஜ் போட்டா. "சித்தப்பா, அப்பா எப்ப?" அவ்வளவுதான். இதுல என்னத்தப் புரிஞ்சுக்கிட? அப்பா எப்ப வருவாவன்னு கேக்காளா, எப்படி இருக்காவன்னு கேக்க வந்து எழுத்து விழுந்துட்டா, ஒண்ணும் தெரியல. ரெண்டாவது மெசேஜ் வந்துச்சு, "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல? அடக்கம் முடிஞ்சிட்டா?"ன்னு. மூணாவது, வாரேன்னு. நான் இதெல்லாம் பாத்தது வியாழக்கிழம விடியக்காலம் மூணு மணிக்கு. பாத்த ஒடனே பதில் போட்டேன், அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்காவன்னு. ஒத்த டிக்குதான் விழுந்துச்சு. அவ அப்ப விமானத்துல இருந்தா.

திருவனந்தபுரத்துல எறங்கினப்ப அவ போன்ல நெட்டு இல்ல. கார் பிடிச்சு, காலையில ஒம்பது மணிக்குக் கிருபாபுரத்துல வந்து நின்னுருக்கா. கைப்பிள்ளையோட. எங்கள்ல துக்க வீட்டுக்கு வெள்ளதான் உடுத்துவாவ, அவளும் வெள்ளச் சேலையில வந்திருக்கா. பந்தல் இல்ல, நாற்காலி இல்ல, கூட்டம் இல்ல. அடக்கமே முடிஞ்சு போச்சுன்னு கேட்டப் பிடிச்சிக்கிட்டு அங்கனயே உக்காந்துட்டாளாம். சத்தம் கேட்டு அண்ணன் வாய்ல பல்பொடியோட வெளிய வந்திருக்கான். நான் அங்க இல்ல, மதினி சொன்னது. ஆறு வருசம் கழிச்சு மகளப் பாக்கான், வெள்ளச் சேலையில. அவ மாப்பிள்ளதான் போயிட்டான்னு நினைச்சுட்டான்.

"யாரு செத்தா?"ன்னு கேட்டிருக்கான்.

"நீங்கதாம்ப்பா"ன்னு சொல்லிருக்கா.

அதுக்கு மேல மதினியால சொல்ல முடியல. அழுதா. நானும் போன வச்சுட்டேன். பிள்ளைய யாரு கையில குடுத்தா, யாரு வாங்கினான்னு எனக்குத் தெரியாது. பொறவு கேள்விப்பட்டது, அண்ணன் பல்பொடி வாயோட அரை மணி நேரம் பேரப்பிள்ளைய எறக்காம வச்சிருந்தானாம், பிள்ள மூஞ்செல்லாம் சிவப்புப் பொடியாம்.

இப்ப நீங்க சொல்லுங்க. சேத்து வச்சது யாரு? ஆறு வருசமா பாஸ்டர் பேசிப் பாத்தாரு, பிஷப் வரைக்கும் பேசிப் பாத்தாவ, நடக்காதது ஒரு சிலுவையில நடந்துச்சா இல்லையா? எனக்கு ஒரு நன்றி உண்டா? வேண்டாம், நன்றி வேண்டாம். ஏசாம இருந்தாப் போதாதா?

அன்னைக்குச் சாயங்காலம் போன் பண்ணினான். கத்துவான்னு எதிர்பாத்தேன். கத்தினா எனக்குப் பதில் இருந்துச்சு, ஃபர்ஸ்ட் சைல்டு எல்லாத்தையும் வரிசையா சொல்லத் தயாரா இருந்தேன். அவன் கத்தல.

"எனக்குச் சிலுவை போட்டத விடு. அது மிஷின் போட்டதுன்னே வச்சுக்கிடுவோம். அவ செவ்வாக்கிழம உன்கிட்ட கேட்டிருக்கா, நீ பாத்திருக்கே, நீல டிக்கு விழுந்திருக்கு. ரெண்டு நாளு ஏன்ல சொல்லல?"

நெட்டு இல்லண்ணேன்னேன். அவன் போன வச்சுட்டான். அன்னைக்கு வச்சதுதான்.

வியாழக்கிழமதான் பாத்தேன்னு உங்ககிட்ட சொன்னேன்லா. இருக்கட்டும். செவ்வாக்கிழம பாத்தேன். பதில் எழுதினேன், அழிச்சேன். திரும்ப எழுதினேன், அழிச்சேன். சொன்னா அவ வந்திருப்பாளா? வந்திருக்க மாட்டா. உயிரோட இருக்காவளா, சரி சித்தப்பான்னு கும்பிடு போட்டுட்டு இருந்திருப்பா. அதுக்காகத்தான் சொல்லல. அவ நல்லதுக்காக.

அவ நல்லதுக்குத்தான். முக்காவாசி.

அந்த ரெண்டு நாளும் கமிட்டிப் பக்கத்த அப்பப்பத் திறந்து பாத்துக்கிட்டே இருந்தேன். மாத்தல. சும்மா பாத்தேன். சிலுவையோட அவன் பேரு. அதுக்குக் கீழ எட்டுப் பேரு, எட்டுப் புள்ளி, அதுல நான் ஒண்ணு. அந்தப் பிள்ள அங்க சோறு தண்ணி எறங்காம பெட்டி அடுக்கிக்கிட்டு இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அதச் சொல்ல வெக்கமா இருக்கு. ஆனா பஸ்ஸுல போற ஆளுகிட்ட சொன்னா என்ன, நீங்க யாரோ, நான் யாரோ.

அதுக்கப்புறம் வெப்சைட்ட என்கிட்ட இருந்து எடுத்துட்டாவ. மெட்ராஸ் கம்பெனிக்குப் போச்சு. எல்லாப் பேரும் பெட்டிக்குள்ள இருக்கு இப்ப, புள்ளியே கிடையாது. கமிட்டியில எட்டுப் பேருதான். விழாவுக்கு எனக்குச் சொல்லல. கிறிஸ்மஸுக்குக் கேக்கு வரல. அம்மா கல்லறைக்கு நான் போனா அவுக போன பொறவுதான் போறேன். பெனிலா என் நம்பரத் தடுத்துட்டா. காலையில வசனம் அனுப்புதேன், ஒத்த டிக்கோட நிக்கு. இருந்தாலும் அனுப்புதேன். அவன் தடுத்தா அது அவன் கொணம். அவ தடுத்தது எனக்கு ஆறல அண்ணாச்சி.

இப்ப அவ பிள்ளைக்கு ஒரு வயசு முடியப் போகுது, திரும்ப வந்திருக்கா. கரூர் மாப்பிள்ளையும் வந்திருக்கான். தாத்தன் முன்னால நின்னு ஞானஸ்நானம். போன வாரம் எனக்குத் தபால்ல கார்டு வந்துச்சு. இந்தாங்க, இதுதான். மெதுவா எடுங்க, முனை மடங்கிராம.

'அன்புடன் அழைக்கும்'னு கீழ பட்டியல் இருக்கு பாருங்க. அதுல முதல் பேரப் படிங்க.

ஆமா. நான்தான். சா. ரூபன் ஜெபசிங். அவன் பேரு எனக்குக் கீழ ரெண்டாவது. அம்பத்தஞ்சு வருசத்துல என் பேரு அவன் பேருக்கு மேல வந்தது இதுதான் முதல் தடவ. இப்ப என் பேருக்கு முன்னால பாருங்க. பாத்தியளா. எங்க கார்டுல செத்தவங்க பேரத்தான் மேல போடுவாவ. இடமே விடாம 'சா' மேல இடிச்சிக்கிட்டு நிக்கு அந்தச் சிலுவை. நாலு பிக்சல் தள்ளி வைக்கத் தெரியல, அச்சடிச்சவனும் சோம்பேறிதான்.

மதினிக்குப் போன் போட்டேன். அச்சுப்பிழைன்னு சொல்லச் சொன்னாவ தம்பின்னா. சொல்லச் சொன்னாவளாம். ஹெட்மாஸ்டர் வீட்டுல அச்சுப்பிழை. கமா ஒண்ணு மாறிப் போனா நோட்டீஸக் கிழிச்சுப் போடுத ஆளு.

எனக்கு அது கூடப் பெருசில்ல. இந்தக் கவரப் பாருங்க. விலாசம் எழுதினது யாரு கையெழுத்து தெரியுமா? அவன்தான். அந்த 'ரூ'வுக்கு அப்படி வால் போடுதது அவன் ஒருத்தன்தான், எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவன் அவன்லா. திருன்னு போடல, அமரர்னும் போடல. ரூபன்னு மட்டும். தபால் தலைய நேரா ஒட்டி, பின்கோடு வரைக்கும் சரியா எழுதி அனுப்பிருக்கான். செத்தவனுக்கு யாராவது கார்டு அனுப்புவாவளா? இல்ல, வராதேன்னு சொல்லத்தான் அனுப்பினானா? ஒரு வாரமாத் திருப்பித் திருப்பிப் பாக்கேன். எனக்கு விளங்கல. படிச்சவரு மாதிரி இருக்கிய, உங்களுக்கு விளங்குதா?

விளங்கலயா. சவத்த விடுங்க. கார்டக் குடுங்க.

விலக்கு வந்துட்டு. அந்தா, புளியமரம் தெரியுது. கண்டக்டரே, ஹோல்டான், வண்டிய நிறுத்துங்க.

நான் கோயிலுக்குப் போகப் போறதில்ல. நேரா வீட்டுக்குத்தான். வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட, ஏறும்போதே பாத்திருப்பிய, ஞானஸ்நானத்துக்குன்னு நினைச்சிருப்பிய. துக்க வீட்டுக்குப் போட்டுக்கிட்டு போற உடுப்பு இது. போயி அந்தக் கேட்டுல நிக்கப் போறேன். கூப்பிட மாட்டேன், பெல்லு அடிக்க மாட்டேன். அவன் வெளிய வருவான். என்ன மேலயும் கீழயும் பாப்பான். பாத்துட்டு, அன்னைக்கு அவகிட்ட கேட்ட மாதிரி யாருல செத்தான்னு ஒரு வார்த்த கேட்டான்னா, நான்தாண்ணேன்னு சொல்லிருவேன். வேற ஒண்ணும் பேச மாட்டேன், ஒரு விளக்கமும் சொல்ல மாட்டேன்.

கேக்கணும். அவன் கேக்கணும் அண்ணாச்சி.